காவிரிக் கரையோரம் பார்த்த வெள்ளைப் பட்டை மரம்: நீர்மருதா, கருமருதா, வெண்தேக்கா?

ஒகேனக்கல் பக்கம் காவிரிக் கரையோரக் காட்டுல வரிசையா நிக்கிற பெரிய மரம், அடிமரம் வெளிர் சாம்பலா வழவழன்னு இருக்கு, அங்கங்க தோல் உரிஞ்சு உள்ள இளஞ்சிவப்பா தெரியுது, கூட வந்தவர் கருமருதுங்கறார், இன்னொருத்தர் வெண்தேக்குங்கறார், எது சரின்னு கேட்டிருந்தீங்க. கூடவே, இந்தப் பட்டையைத்தான் இதயத்துக்கு கஷாயம் வைக்கிறாங்களாமே, ஸ்டென்ட் வச்ச அப்பாவுக்கு குடுக்கலாமான்னும் கேட்டிருந்தீங்க. நீங்க அனுப்பின போட்டோவுல பட்டையும் இலையும் தெளிவா இருக்கு, காய் மட்டும் இல்ல. இருந்தாலும் தைரியமா சொல்லலாம், அது நீர்மருது. டெர்மினேலியா அர்ஜுனான்னு தாவரவியல் பேரு. கடுக்காய், தான்றிக்காய் எல்லாம் இதோட நெருங்கின சொந்தம், ஒரே பேரினம். கஷாயத்தைப் பத்தி கடைசியில விரிவா சொல்றேன், அது வரைக்கும் எதுவும் காய்ச்சிக் குடுத்துடாதீங்க.

மருதுன்னு பேர் முடியுற மரங்கள் நம்ம காட்டுல நாலஞ்சு இருக்கு, அதுல பாதி வேற குடும்பம். அதனால ஒருத்தர் மருதுன்னு சொன்னா அந்தப் பேரை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது, பட்டை, இலையோட காம்பு, காய் மூணையும் பார்த்துட்டுத்தான் சொல்லணும். மூணும் ஒத்துப் போச்சுன்னா அதுக்கப்புறம் சந்தேகமே வராது.

முதல்ல மரம் நிக்கிற இடம். நீர்மருதுக்கு வேர் நனையணும். காவிரி, பவானி, மோயாறு, அமராவதி, தாமிரபரணின்னு எந்த ஆத்தை எடுத்துக்கிட்டாலும் காட்டு வழியா போற பகுதியில தண்ணிக்குப் பக்கத்துலயே பெருசு பெருசா நிக்கும், அங்கருந்து நூறு இருநூறு அடி மேட்டுல ஏறினா ஒண்ணு கூட இருக்காது, முள்ளுக்காடு ஆரம்பிச்சிடும். சுத்தியிருக்கற காடு மொத்தமும் காய்ஞ்சு பழுப்பா கிடக்கற மாசி பங்குனியில கூட ஆத்தோரத்துல மட்டும் ஒரு பச்சைக் கோடு தெரியும் பாருங்க, அந்தக் கோட்டுல பெரும்பங்கு இதுவும் புங்கனும் நாவலும்தான். ஆனா இடத்தை மட்டும் நம்பவும் முடியாது, ஏன்னா நிழலுக்காக ரோட்டோரம், கோயில், காலேஜ்னு நிறைய இடத்துல நட்டு வச்சிருக்காங்க, அங்க ஆறும் இருக்காது ஒண்ணும் இருக்காது.

அடுத்து உருவம். 20-லருந்து 25 மீட்டர் உயரம் சாதாரணமா வரும், நல்ல தண்ணி கிடைச்ச இடத்துல அதுக்கு மேலயும் போகும். பழைய மரமா இருந்தா அடியில மரம் நேரா மண்ணுக்குள்ள போகாது, பலகை மாதிரி பக்கவாட்டுல விரிஞ்சு மண்ணைப் பிடிச்சிருக்கும், வெள்ளத்துல கரை அரிச்ச இடத்துல வேர் வெளிய தெரிஞ்சு ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கும். மேல கிளை எல்லாம் நல்லா அகலமா போய் நுனி மட்டும் கீழ தொங்குற மாதிரி வரும். தூரத்துல இருந்து பார்த்தாலே பழகினவங்களுக்கு இது போதும்.

பட்டைதான் உங்க கண்ணுல முதல்ல பட்டிருக்கு, எல்லாருக்கும் அப்படித்தான். சாம்பல், வெளிர் பச்சை, லேசான ரோஸ் எல்லாம் கலந்து திட்டுத் திட்டா இருக்கும், பெரிய மெல்லிய ஏடா வருஷா வருஷம் உதிரும், உதிர்ந்த இடம் புதுசா கலரா இருக்கும், பழைய இடம் மங்கி இருக்கும். கையை வச்சுத் தேய்ச்சா வழவழப்பு. உரிஞ்ச இடத்துல உள்பட்டை இளஞ்சிவப்பு. இதுல கருமருது முழுக்க எதிர். கருமருதோட பட்டை கருத்து, தடியா, நீளவாட்டுலயும் குறுக்குலயும் ஆழமா வெடிச்சு கட்டம் கட்டமா இருக்கும், முதலை முதுகு மாதிரின்னு எல்லாரும் சொல்றது அதைத்தான். அந்தத் தடிப் பட்டைதான் காட்டுத்தீயில அதைக் காப்பாத்துது, தரைத்தீ வந்து போன காட்டுல அடிமரம் கரியாகி நின்னாலும் மழை வந்தா தளிர் விட்டுடும். நீங்க அனுப்பின போட்டோவுல கட்டமும் இல்ல கருப்பும் இல்ல, அதனால கருமருதுங்கற பேச்சுக்கே இடமில்ல.

ஆனா வெண்தேக்குன்னு சொன்னவர் சும்மா சொல்லல, அவர் பக்கம் நியாயம் இருக்கு. வெண்தேக்குக்கும் பட்டை வெளுப்பா வழவழன்னு ஏடு ஏடா உரியும், முதுமலை, ஆனைமலை மாதிரி இலையுதிர் காட்டுல அது ரொம்ப சாதாரணம். வெக்காலின்னு இன்னொண்ணு, அதுக்கும் வெளிர் சாம்பல் பட்டைதான், குளிர்காலத்துல அதோட இலை செவந்து நிக்கும். இந்த மூணையும் பட்டையை மட்டும் வச்சுப் பிரிக்கப் பாக்கறது வீண் வேலை. இங்கதான் இலையைத் திருப்பிப் பாக்கணும்.

நீர்மருது இலை நீளவட்டம், பத்துலருந்து பதினஞ்சு சென்டிமீட்டர் நீளம் இருக்கும், தோல் மாதிரி கெட்டி, மேல பச்சை, அடியில வெளுப்பு. கிட்டத்தட்ட எதிரெதிரா ரெண்டு ரெண்டா வரும், ஆனா சரியா ஒரே கணுவுல உக்காராது, ஒண்ணு கொஞ்சம் மேல ஒண்ணு கொஞ்சம் கீழன்னு நிக்கும். காம்பு குட்டை, ஒரு சென்டிமீட்டர் இருந்தா அதிகம். அந்தக் காம்பு இலையோட சேர்ற இடத்துல உத்துப் பாருங்க, சின்னதா ஒண்ணோ ரெண்டோ மரு மாதிரி புடைப்பு இருக்கும். அது சுரப்பி. நகத்தால தடவினா கூட தட்டுப்படும். உங்க மூணாவது போட்டோவை பெருசு பண்ணிப் பாத்தா அந்த ரெண்டு புள்ளியும் தெரியுது, நான் நீர்மருதுன்னு முடிவு பண்ணினது அதை வச்சுத்தான். வெண்தேக்குக்கும் வெக்காலிக்கும் இந்தச் சுரப்பி கிடையாது. கருமருதுக்கு உண்டு, ஆனா அதுக்கு இலையோட அடிப்பக்கம் நடுநரம்பு மேல இருக்கும், இலை அடியில பெரும்பாலும் மென்மையா பழுப்பு ரோமமும் இருக்கும்.

பூவை வச்சு கண்டுபிடிக்கணும்னா கோடையில போகணும். சித்திரை, வைகாசி, ஆனி இந்த மூணு மாசத்துல மஞ்சள் கலந்த வெள்ளையில சின்னச் சின்னக் கதிரா பூக்கும், தனிப் பூவைப் பாத்தா இதழே இருக்காது, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற மகரந்தத் தாள்தான் நம்ம கண்ணுக்குப் பூவாத் தெரியுது. தேனீ மொய்க்கும். மருதம் பூன்னு தேடினா இன்டர்நெட்டுல ஊதா கலர்ல பெரிய பூவா வருதே அது பூமருது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, பூமருது மருதாணி, மாதுளை எல்லாம் வர்ற குடும்பம், வெண்தேக்குக்கு அதுதான் நெருங்கின சொந்தம். பார்க்குல ரோட்டோரத்துல அழகுக்கு வைக்கறது அது. ஆறு இதழ், கசங்கின மாதிரி சுருக்கம், காய் உருண்டையா மரம் மாதிரி கெட்டியா இருந்து காய்ஞ்சதும் மேல இருந்து வெடிக்கும்.

காய்தான் கடைசித் தீர்ப்பு, அடுத்த தடவ போகும்போது மரத்தடியில குனிஞ்சு தேடுங்க, கண்டிப்பா கிடைக்கும், ஏன்னா பழைய காய் மாசக்கணக்குல மக்காம கிடக்கும். ரெண்டரையிலருந்து அஞ்சு சென்டிமீட்டர் நீளம், நார்க்கட்டி மாதிரி உறுதி, நீளவாட்டுல அஞ்சு ரெக்கை. குறுக்க வெட்டினா நட்சத்திரப் பழத்தை வெட்டின மாதிரியே இருக்கும். கருமருதுக்கும் அஞ்சு ரெக்கைதான், அதனாலதான் நிறைய பேர் இங்க வந்து மாட்டிக்கிறாங்க, ஆனா ரெக்கையில ஓடற கோட்டைப் பாத்தா பிரிச்சிடலாம். நீர்மருது காயில ரெக்கை குறுகலா தடிமனா இருக்கும், அதுல நரம்பு நடுவுல இருந்து கிளம்பி மேல் பக்கமா வளைஞ்சு போகும். கருமருது காயில ரெக்கை அகலமா மெல்லிசா இருக்கும், கோடு எல்லாம் நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா குறுக்க ஓடும். இது ஒண்ணு தெரிஞ்சா போதும், இலையே இல்லாத மரத்தடியில நின்னு கூட எது என்னன்னு சொல்லிடலாம். தான்றிக்காயும் கடுக்காயும் இதே பேரினம்னு சொன்னேன்ல, அதுங்களுக்கு ரெக்கை கிடையாது, தான்றி உருண்டையா வெல்வெட் மாதிரி சாம்பல் பூத்து இருக்கும், கடுக்காய் காய்ஞ்சா வரி வரியா நிக்கும்.

எல்லைப் பக்கக் காட்டுல சுத்தறவர் நீங்க, அதனால பக்கத்து பாஷைப் பேரும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. கன்னடத்துல ஹொளெமத்தின்னா நீர்மருது, வெறும் மத்தின்னோ கரிமத்தின்னோ சொன்னா கருமருது. தெலுங்குல தெல்ல மத்தி நீர்மருது, நல்ல மத்தி கருமருது. மலையாளத்துல நீர்மருதுன்னே சொல்வாங்க. இந்தியில அர்ஜுன். காவிரி அந்தக் கரைக்குப் போய் மருதுன்னு கேட்டா அவங்க வேற எதையாவது காட்டுவாங்க, ஹொளெமத்தின்னு கேளுங்க.

கருமருதைப் பத்தி ஒண்ணு சொல்லாம நகர முடியல. அதுல சில மரங்கள் கோடையில அடிமரத்துக்குள்ள தண்ணி தேக்கி வச்சிருக்கும். 2024 மார்ச்சுல ஆந்திராவுல பாபிகொண்டா தேசியப் பூங்காவுல கொண்டாரெட்டி பழங்குடி மக்கள் சொன்ன விவரத்தை வச்சு வனத்துறை ஆளுங்க ஒரு மரத்துல புடைப்பு மாதிரி இருந்த இடத்தை வெட்டிப் பாத்தாங்க, குழாய்ல வர்ற மாதிரி தண்ணி வந்துச்சு, அந்த வீடியோ எல்லா இடத்துலயும் சுத்துச்சு. தண்ணி புளிப்பாவும் ஒரு வாடையோடயும் இருக்கும்னாங்க. அதைப் பாத்துட்டு யாரும் போய் அருவாளைத் தூக்கிடக் கூடாது, எல்லா மரத்துலயும் அது இருக்காது, எதுல இருக்குன்னு தலைமுறையா அங்க வாழறவங்களுக்குத்தான் தெரியும், தெரியாதவன் வெட்டினா மரத்துக்குக் காயம் மட்டும்தான் மிச்சம்.

சரி, பயன் என்னன்னு கேட்டிருக்கீங்க. பயன்னு சொன்னதும் எல்லாரும் பட்டைக்குத்தான் ஓடறாங்க, எனக்கு அதுல வருத்தம். இந்த மரம் செய்யற பெரிய வேலை நின்ன இடத்துலயே நின்னு செய்யற வேலைதான். ஆத்தங்கரை மண்ணை வேர் பிடிச்சு வைக்குது, வெள்ளம் வந்தா அரிப்பு குறையும். அடுத்தது அதுல வாழற உயிர்கள். மோயாறு பள்ளத்தாக்குல வெண்முதுகுப் பாறு கழுகுங்க கூடு கட்டறது பெரும்பாலும் ஆத்தோர நீர்மருது மரத்துலதான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக்ங்கற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகோட உடம்புல போய், இந்தியா முழுக்க அந்தப் பறவை ஏறக்குறைய அழிஞ்சே போச்சு, 2006-ல கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை பண்ணினாங்க, அப்படியும் தென்னிந்தியாவுல சொல்லிக்கிற மாதிரி மிஞ்சினது அந்தப் பள்ளத்தாக்குச் சுத்துவட்டாரத்துலதான். அதுக்கு உயரமான, கிளை விரிஞ்ச, ஆள் தொந்தரவு இல்லாத மரம் வேணும். வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை வைக்கற பறவை அது, ஒரு பெரிய மருது விழுந்தா அந்த வருஷம் அந்த ஜோடிக்கு இடம் போச்சுன்னு வச்சுக்கோங்க.

நீங்க போன அதே காவிரிக் கரையில சாம்பல் நிற மலை அணில் இருக்கு, நரை அணில்னும் சொல்வாங்க, பாத்திருப்பீங்களோ என்னவோ. 2014-ல காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம்னு அந்தப் பகுதியை அறிவிச்சாங்களே, அங்க இருக்கற முக்கியமான உயிர்கள்ல இதுவும் ஒண்ணு. அது தரைக்கு இறங்கறது அபூர்வம், மரத்துக்கு மரம் கிளை வழியாவே தாவிப் போகணும், அதனால ஆத்தோரத்துல மருது வரிசை அறுந்து போகாம இருந்தாத்தான் அது பொழைக்கும். நடுவுல நாலு மரம் போனா இந்தப் பக்க அணிலுக்கும் அந்தப் பக்க அணிலுக்கும் தொடர்பு அத்துடும். இதை எல்லாம் பயன் கணக்குல சேர்க்கறதில்ல, சேர்க்கணும்.

மரக்கட்டை பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. நீர்மருது கட்டை கெட்டி, கனம், காயும்போது வெடிக்கும், இழைக்கிறதுக்கு ஆசாரிங்களுக்குப் பிடிக்காது, வண்டிச் சாமான், கலப்பை, படகு, தொட்டின்னு முரட்டு வேலைக்குத்தான் போட்டிருக்காங்க. நல்ல மரவேலைக்குப் பேர் போனது கருமருதுதான், கரும்பழுப்புல கோடு ஓடி பாக்க அழகா இருக்கும், வீட்டு உத்தரத்துலருந்து ரயில் ஸ்லீப்பர் வரைக்கும் போச்சு. ரெண்டு மரத்தோட பட்டையிலயும் துவர்ப்பான டானின் நிறைய இருக்கறதால தோல் பதனிடவும் பழுப்புச் சாயம் ஏத்தவும் பயன்படுத்தினாங்க.

தமிழ்நாட்டுல அதிகம் பேசப்படாத இன்னொரு பயன் டஸ்ஸார் பட்டு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா காட்டுப் பகுதியில நீர்மருது, கருமருது, சால் இந்த மூணு மரத்து இலையையும் தின்னு வளர்ற ஒரு பட்டுப்புழு இருக்கு, புழுவை மரத்து மேலயே விட்டு, பறவை எறும்பு அண்டாம காவல் காத்து, கூட்டை எடுத்து நூல் இழுக்கறாங்க. அந்த மங்கின தேன் கலர் பட்டு அதுதான், சாயம் போடாமலே அந்த நிறம். நம்ம முசுக்கொட்டைப் பட்டு மாதிரி இலையைப் பறிச்சுத் தட்டுல போடற வேலை இதுல கிடையாது. அங்க பழங்குடிக் குடும்பங்களுக்கு இது வருஷா வருஷம் கையில காசு தர்ற தொழில், அதுக்காகவே நீர்மருதை நெருக்கமா நட்டு, வெட்டி விட்டு குட்டையா தழைய வைக்கறாங்க. வெட்டினா நல்லா தழையற மரம் இது.

நம்ம பக்கம் மருதுன்னா கோயில்தான் ஞாபகம் வரும். கும்பகோணம் பக்கம் திருவிடைமருதூர்லயும் தாமிரபரணிக் கரையில திருப்புடைமருதூர்லயும் தலமரமே மருதுதான், ஸ்ரீசைலத்தையும் சேர்த்து மூணையும் ஒரு வரிசையா சொல்வாங்க. திருப்புடைமருதூருக்கு ஒரு தடவ போய் வாங்க, அங்க பெரிய மரங்கள்ல நாரை, கொக்கு எல்லாம் கூட்டம் கூட்டமா கூடு கட்டறதை ஊர்க்காரங்களே காலங்காலமா பாதுகாத்தாங்க, 2005-ல அரசு அதைப் பறவைகள் காப்பகமா அறிவிச்சுது. மருது, இலுப்பை எல்லாம் எப்படி வயசாகும்னு நிதானமா நின்னு பாக்க நல்ல இடம்.

இப்போ கஷாயத்துக்கு வரேன். ஆயுர்வேதத்துல இதயத்துக்கு நீர்மருதம்பட்டையைச் சொல்றது ரொம்பப் பழைய வழக்கம், வாக்படர்ங்கற பழைய ஆயுர்வேத ஆசிரியர் நூல்லயே இருக்கு, பால்ல காய்ச்சிக் குடுக்கற முறையும், புளிக்க வச்சு செய்யற அர்ஜுனாரிஷ்டமும் அப்படி வந்ததுதான். சித்த மருத்துவத்துலயும் மருதம்பட்டை உண்டு, துவர்ப்பானதால புண் கழுவ, வயித்துக்கடுப்புக்குன்னும் குடுப்பாங்க. பட்டையில டானின் தவிர அர்ஜுனோலிக் அமிலம் மாதிரி பல சேர்மங்கள் இருக்கு, அதை வச்சு ஆராய்ச்சியும் நடந்திருக்கு. நெஞ்சுவலி வர்ற நோயாளிங்ககிட்ட சின்ன அளவுல நடந்த சில ஆய்வுகள்ல வலி வர்றது குறைஞ்சதுன்னு சொல்றாங்க, ஆனா அதுல கலந்துக்கிட்டவங்க எண்ணிக்கை குறைவு, பெரும்பாலும் டாக்டர் குடுத்த வழக்கமான மாத்திரையோட சேர்த்துத்தான் குடுத்தாங்க. மாத்திரைக்குப் பதிலா பட்டை மட்டும் போதும்னு அதுல எதுவுமே காட்டல.

உங்க அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சிருக்குன்னு எழுதியிருக்கீங்க. அப்படின்னா ரத்தம் உறையாம இருக்க ஒண்ணோ ரெண்டோ மாத்திரை போயிட்டிருக்கும், கூட பிரஷர் மாத்திரையும் இருக்கலாம். மருதம்பட்டைக்கு பிரஷரைக் குறைக்கற தன்மையும், ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கிறதைக் குறைக்கற தன்மையும் இருக்கறதா ஆய்வுகள் சொல்லுது, அப்போ மாத்திரையோட சேரும்போது ரெண்டும் ஒரே திசையில இழுத்தா ரத்தக்கசிவு, தலைசுத்தல்னு வர வாய்ப்பு இருக்கு. அதனால அப்பாவோட இதய டாக்டர்கிட்ட கேக்காம ஒரு ஸ்பூன் கூட வேண்டாம். குடுக்கணும்னு மனசு இருந்தா படிச்ச சித்த டாக்டரையோ ஆயுர்வேத டாக்டரையோ பாருங்க, இப்போ என்னென்ன மாத்திரை போகுதுன்னு சீட்டை அவர்கிட்ட காட்டுங்க, அந்த விஷயத்தை இதய டாக்டர்கிட்டயும் மறைக்காம சொல்லுங்க. ஸ்டென்ட் வச்சவங்க மாத்திரையை நிறுத்தினா உள்ளயே ரத்தம் கட்டி உயிருக்கே ஆபத்து, வாட்ஸ்அப்ல வர்ற மருதம்பட்டை மெசேஜ்ல இந்த ஒரு வரி மட்டும் இருக்கவே இருக்காது.

கடையில வாங்கறதுலயும் கவனம் வேணும், மரத்தை அடையாளம் காணத் தெரியறது இங்க நேரடியா உதவும். மருதம்பட்டைன்னு விக்கிற சரக்குல மத்த மருதுப் பட்டைங்களும் கலந்து வரும். பொடியா வாங்கினா கண்ணால எதையுமே சொல்ல முடியாது. துண்டா வாங்கினா வெளிப்பக்கம் வெளிர் சாம்பலா வழவழப்பா, உள்பக்கம் செம்மையா இருக்கான்னு பாக்கலாம், கருப்பா முரடா வெடிப்போட இருந்தா அது கருமருது, திருப்பிக் குடுத்துடுங்க.

காட்டுல இருக்கற மரத்துல நீங்களே உரிச்சுக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. சரணாலயத்துலயும் காப்புக்காட்டுலயும் அனுமதி இல்லாம உரிச்சா குற்றம், வழக்கு வரும், அது ஒரு பக்கம். மரத்துக்கு என்ன ஆகும்னு யோசிங்க. இலையில செஞ்ச சாப்பாடு வேருக்கு இறங்கறது உள்பட்டை வழியாத்தான். சுத்தி வட்டமா ஒரு சாண் உரிச்சா போதும், மேல இலை பச்சையா இருக்கும், கீழ வேர் பட்டினி கிடக்கும், ஒண்ணு ரெண்டு வருஷத்துல அவ்வளவு பெரிய மரம் நின்னபடியே பட்டுப்போகும். ஆத்தோரத்துல ஆள் நடமாட்டம் உள்ள இடத்துல மருது அடிமரத்தைப் பாருங்க, எட்டற உயரம் வரைக்கும் கொத்திக் கொத்தி எடுத்த தழும்பு இருக்கும், மனசு பதறும். சொந்த நிலத்துல மரம் வச்சிருக்கறவங்க எடுக்கணும்னா ஒரு பக்கத்துல மட்டும், நீளவாட்டுல ஒடுக்கமா ஒரு பட்டை, கட்டை வெளிய தெரியாத அளவுக்கு மேலோட்டமா எடுக்கணும், அந்த இடம் முழுசா மூடி வளர்ற வரைக்கும் அந்த மரத்தைத் தொடவே கூடாது. இளம் மரத்துல கை வைக்கவே வேண்டாம்.

அதைவிட நல்ல வழி நீங்களே நடறது. உங்க ஊர்ல ஏரியும் வாய்க்காலும் இருக்குன்னீங்க, அதுக்கு இதைவிடப் பொருத்தமான மரம் கிடையாது. தண்ணி தேங்கினாலும் தாங்கும், கொஞ்சம் உவர் மண்ணுலயும் வரும், வறண்ட மேட்டுல மட்டும் வைக்காதீங்க, பொழைச்சாலும் நோஞ்சானாத்தான் நிக்கும். மாசியிலருந்து சித்திரைக்குள்ள மரத்தடியில முத்தின காய் கிடைக்கும், புது காயா பொறுக்கி ரெண்டு நாள் தண்ணியில ஊற வச்சு அப்புறம் பையில போடுங்க. முளைக்க ரொம்ப நேரம் எடுக்கும், ரெண்டு மாசம் கூட ஆகும், ஒரு மாசத்துல வரலன்னு பையைக் கொட்டிடாதீங்க. அவ்வளவு பொறுமை இல்லன்னா வனத்துறை நர்சரியில கன்னு கேளுங்க, நீர்மருதுன்னு தெளிவா கேட்டு, குடுக்கற கன்னுல காம்பு சேர்ற இடத்துல அந்தச் சுரப்பி இருக்கான்னு பாத்து வாங்குங்க, ஏன்னா மருதுன்னு மொட்டையா கேட்டா பூமருதுதான் கையில கிடைக்கும். கன்னா இருக்கும்போது லேசா நிழல் வேணும், முதல் ரெண்டு கோடைக்குத் தண்ணி ஊத்தணும், ஆடு மாடு கடிக்காம கூண்டு போடணும். ஏரிக்கரை உச்சியில நடாதீங்க, பெரிய மரம் காத்துல சாஞ்சா கரையையும் பேர்த்துக்கிட்டுப் போயிடும், கரைக்கு வெளிப்பக்கம் அடியிலயோ வாய்க்கா ஓரத்துலயோ ஒரு மரத்துக்கும் இன்னொண்ணுக்கும் முப்பது அடியாவது விட்டு நடுங்க, வீட்டுச் சுவருக்கும் கிணத்துக்கும் பக்கத்துல வேண்டாம். ஐப்பசி மழை தொடங்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வச்சீங்கன்னா முதல் வருஷத் தண்ணிக் கவலை பாதி குறையும்.